படத்தொகுப்பாளர்களுக்கு, ரிமோட் கையில் இருப்பவன் எழுதும் மடல்

அன்புள்ள படத்தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு யாரும் கடிதம் எழுதுவதாகத் தெரியவில்லை. நடிகருக்கு எழுதுவார்கள். இயக்குநரைத் திட்டி எழுதுவார்கள். பாட்டு பிடித்துவிட்டால் இசையமைப்பாளரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். உங்கள் ஞாபகம் வருவது படம் இழுக்கும்போது மட்டும்தான்: 'எடிட்டர் தூங்கிட்டாரா?' இந்த மடலும் வெட்டுவதைப் பற்றியதுதான். ஆனால் இந்த முறை கத்தரி எங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் யோசித்து யோசித்து வைத்த காட்சிகளை நாங்கள் சோபாவில் சாய்ந்தபடி வெட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறோம். அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

மோசமான படங்களைச் சொல்லவில்லை. மோசமான படத்தை யாரும் வெட்டிப் பார்ப்பதில்லை, நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவோம். நான் சொல்வது உயிருக்குயிரான படங்களை. வசனம் மனப்பாடமாகத் தெரிந்த, மனசு சரியில்லாத நாளில் மறுபடி போட்டுக்கொள்கிற, 'இதைப் பார்க்காமல் இத்தனை நாள் என்ன செய்தாய்' என்று நண்பனைப் பிடித்து உட்கார வைக்கிற படங்கள். அவற்றில் எங்காவது ஓர் இடம் இருக்கும். அது வருவதற்கு ஒரு நிமிடம் முன்பே வயிற்றுக்குள் ஏதோ இறங்கும். உடனே தாகம் எடுக்கும். போனில் அவசரமாக எதையோ பார்க்க வேண்டியிருக்கும். அதுவும் இல்லையென்றால் கை தானாக ரிமோட்டைத் தேடும்.

எனக்கு அந்த இடம் 'மகாநதி'யில் இருக்கிறது. 1994இல் அது வந்தபோது எனக்குக் கல்லூரி வயது. தியேட்டரில் இரண்டு முறை பார்த்தேன். மகளைத் தேடிப் போகும் அப்பா அவளைக் கல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியில் கண்டுபிடிக்கும் கட்டத்தில் தொண்டை அடைத்தது உண்மை. ஆனால் பார்த்தேன். வெளியே வந்து, கமல் என்னமாய்ச் செய்திருக்கிறார் என்று நண்பர்களோடு அலசவும் செய்தேன். அப்படிப் பேச முடிந்ததை நினைத்தால் இப்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. மீட்டு வந்த பிறகு ஓர் இரவில் அந்தப் பெண் தூக்கத்தில் பேசுவாள். அங்கே அவளுக்கு என்ன நடந்தது என்பது அவள் வாயாலேயே, அவளுக்கே தெரியாமல் வெளியே வரும். அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். அவ்வளவுதான் காட்சி. ரத்தம் கிடையாது, அடிதடி கிடையாது. எனக்கு மகள் பிறந்த பிறகு படத்தை நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

காட்சி மாறவில்லை. அன்றைக்கு ஒட்டிய பிரேம் ஒன்றுகூட நகரவில்லை. பார்க்கிற ஆள்தான் மாறிவிட்டான். இதையெல்லாம் நீங்கள் எடிட் மேசையில் கணக்கில் எடுக்க முடியாது. அதனால் இதில் உங்கள் மேல் எனக்குப் புகார் இல்லை.

நான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து கேட்ட பிறகுதான், சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கத்தரியோடு அலைகிறார்கள் என்று தெரிந்தது. ஒரு நண்பர் 'மூன்றாம் பிறை'யை வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்துவிடுவார். ஆனால் அந்த ரயில் நிலையத்துக்கு அவர் போனதே இல்லை. "அவளுக்குக் குணமாகிடுச்சு, நல்ல விஷயம்தானே, அதோட முடிச்சுக்கலாம்" என்பார். 1982இல் வந்த படம், கமலுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வாங்கித் தந்த படம். நொண்டிக்கொண்டே வந்து, அவளுக்கு ஞாபகம் வந்துவிடாதா என்று அவன் குரங்கு வித்தை காட்டுவதும், அவள் யாரோ பைத்தியம் என்று பார்ப்பதும்தான் அந்த நடிப்பின் உச்சம். நண்பர் உச்சத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை இருபது முப்பது தடவை பார்த்திருக்கிறார். அவர் வீட்டில் ஓடுவது வேறொரு 'மூன்றாம் பிறை'. அதை எடிட் செய்தவர் அவர்தான்.

இன்னொருவருக்கு 'பரியேறும் பெருமாள்'. அவருக்கு வந்த கஷ்டம் பெரிது, ஏனென்றால் கருப்பி சாவது படத்தின் தொடக்கத்திலேயே. ஒரு நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போடும் காட்சியைத் தாண்டிவிட்டு அந்தப் படத்தைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. அந்த நாய் யாருடையது, ஏன் கட்டினார்கள் என்ற இரண்டு கேள்வியிலிருந்துதான் பிறகு வரும் எல்லாமே கிளம்புகிறது. அவர் என்ன செய்கிறார் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பார்க்கிறார் என்பது தப்புதான், வேறு சொல் கிடைக்கவில்லை.

படத்தில் நாய் சாகுமா, சாகாதா என்று முன்கூட்டியே சொல்வதற்கென்றே 'டஸ் த டாக் டை' என்றொரு இணையதளம் இருக்கிறது. நாயில் தொடங்கியது, இப்போது ஊசி, வாந்தி, குழந்தைக்கு ஆபத்து என்று பட்டியல் நீண்டுவிட்டது. முதலில் கேள்விப்பட்டபோது சிரித்தேன். அப்புறம் ஒருநாள் ராத்திரி நானே உட்கார்ந்து தேடினேன்.

சரி, எங்கள் தொழில்நுட்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் தொழிலில் மூவியோலா என்ற பழைய எடிட்டிங் கருவியிலிருந்து கம்ப்யூட்டர் வரை வந்த கதை இருப்பதுபோல எங்களுக்கும் ஒரு கதை உண்டு. தியேட்டரில் வேறு வழியில்லை, தரையைப் பார்க்க வேண்டும். வீடியோ கேசட் வந்ததும் பாஸ்ட் ஃபார்வர்ட் வந்தது. ஆனால் டெக்கில் அதை அழுத்தினால் படம் மறையாது, குறுக்கே கோடு கோடாக விழுந்தபடி வேகமாக ஓடும். அழுகிறவர்கள் குலுங்கிக் குலுங்கி ஓடுவார்கள், அடிக்கிறவர் சாப்ளின் படத்துப் போலீஸ்காரர்போல அடிப்பார். தாங்க முடியாத காட்சி ஒன்று சிரிப்புக் காட்சியாக மாறிவிடும். அந்தப் பாவத்தை நிறையச் செய்திருக்கிறோம்.

அப்புறம் டிவிடி வந்தது. அதுதான் எங்கள் பொற்காலம். படத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம் போட்டு, பட்டியலாகக் கொடுத்தார்கள். பதினெட்டு முடிந்ததும் ஒரே அழுத்து, இருபது. பத்தொன்பதை வீட்டில் யாரும் பார்க்காமலே வளர்ந்தோம்.

இப்போது எல்லாம் ஓடிடி. வசதி கூடியிருக்கிறது என்று உலகமே சொல்கிறது. நீங்களே ஒருமுறை உட்கார்ந்து ஒரு காட்சியைத் தாண்டிப் பாருங்கள். ஒரு அழுத்துக்குப் பத்து விநாடி. காட்சி இரண்டரை நிமிடம் என்றால் பதினைந்து அழுத்து. ஒவ்வொரு அழுத்துக்கும் படம் ஒரு கணம் நின்று, முகத்தைக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றோடொன்று கலந்து போயிருக்கும் காட்சி, பதினைந்து புகைப்படங்களாக வந்து ஒவ்வொன்றாகக் கண்ணில் நிற்கிறது. கோட்டைப் பிடித்து இழுத்தாலோ இன்னும் மோசம். விரலுக்கு மேலே குட்டிப் பெட்டி ஒன்று முளைத்து, எதைப் பார்க்கக் கூடாது என்று தாண்டுகிறேனோ அதையே வரிசையாகக் காட்டிக்கொண்டு வருகிறது. கடைசியில் நாம் போய் விழுவது சரியாக அந்தக் கத்தி இறங்கும் இடத்தில். பதறிப்போய்ப் பின்னால் வந்தால் திரும்பவும் முதலிலிருந்து.

இத்தனை பாடும் எதற்கு? ஒரே காரணம்தான், உங்கள் வேலை சரியாக நடந்திருக்கிறது. எங்கே வெட்டுவது என்பதற்கு ஆறு காரணங்களை வரிசைப்படுத்திய ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச், உணர்ச்சிக்கு மட்டும் 51 சதவீதம் கொடுத்தார். கதை, தாளம், பார்வையின் திசை எல்லாம் மீதியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அந்த 51 சதவீதம்தான் எங்களை எழுப்பித் தண்ணீர்க் குழாயடிக்கு அனுப்புகிறது.

நாங்கள் தாண்டுகிற காட்சிகளில் நீங்கள் காட்டியது மிகக் குறைவு என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது. 'சைக்கோ'வின் (1960) குளியலறைக் காட்சி முக்கால் நிமிடம்தான். 78 கேமரா அமைப்புகள், 52 வெட்டுகள் என்று அதன் கணக்கே பின்னால் ஓர் ஆவணப்படத்துக்குத் தலைப்பாகிவிட்டது. தொகுத்தவர் ஜார்ஜ் டொமாசினி. அவ்வளவு வெட்டிலும் கத்தி உடம்பில் பாய்வதாகத் தெளிவாக எங்கேயும் நிறுத்திக் காட்டவில்லை. ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். நடித்த ஜேனட் லீக்கு இதெல்லாம் தெரியும், அவரே நின்று ஒரு வாரம் நனைந்திருக்கிறார். ஆனாலும் படத்தைப் பார்த்த பிறகு ஷவரில் குளிப்பதையே விட்டுவிட்டதாகச் சொன்னார். அப்படியானால் நாங்கள் எம்மாத்திரம்?

'ரிசர்வாயர் டாக்ஸ்' (1992) படத்தில் காதை அறுக்கும் இடத்தில் கேமரா அப்படியே நகர்ந்து சுவரைப் பார்க்கப் போய்விடுகிறது. அறுப்பதைக் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிற ஆட்களை எனக்குத் தெரியும். 'பாம்பி'யில் (1942) அம்மா மான் விழுவதையே காட்டவில்லை. பனி, ஓட்டம், ஒரு வெடிச்சத்தம், பிறகு குட்டி அம்மாவைக் கூப்பிடுவது. எண்பது வருடமாகக் குழந்தைகள் அந்த வெடிச்சத்தத்துக்கு அழுதுகொண்டிருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளில் பாதிப் பேர் இன்று தாத்தா பாட்டி. பேரப்பிள்ளைக்குப் போட்டுக் காட்டும்போது அந்த இடத்தில் எழுந்து போகிறவர்களும் அவர்கள்தான்.

இதிலிருந்து கற்றுக்கொண்ட ஒரு சூட்சுமத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். கண்ணை மூடினால் காட்சி போவதில்லை. காதை மூடினால் போய்விடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் உள்ளே நாமே படம் எடுக்க ஆரம்பித்துவிடுகிறோம், அது உங்கள் படத்தைவிடக் கொடுமை. மியூட் பொத்தானை அழுத்திவிட்டுப் பாருங்கள், யாரோ இரண்டு பேர் ஓர் அறையில் கையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். 'சைக்கோ'வை இயக்கிய ஹிட்ச்காக் முதலில் அந்தக் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் வயலின்களைக் கீறவிட்ட பிறகுதான் மனதை மாற்றிக்கொண்டார். '127 ஹவர்ஸ்' (2010) படத்தில் பாறையில் மாட்டிய கையை அவன் அறுத்துக்கொள்ளும்போது, நரம்பைத் தொடுகிற கணத்தில் மின்சாரம் கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள். திரையிட்ட இடங்களில் ஆட்கள் மயங்கி விழுந்ததாகச் செய்தி வந்தது. நான் அந்தச் சத்தத்தைத்தான் சந்தேகப்படுகிறேன். அப்படி மயங்குவதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரத்தக் காயத்தைப் பார்த்ததும் சிலருக்கு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் முதலில் ஏறி, சட்டென்று இறங்கும். மூளைக்கு ரத்தம் போதாமல் ஆள் சாய்ந்துவிடுவார். உடம்பின் வேலை அது, துணிச்சலுக்கு அங்கே இடமில்லை.

வேகமும் ஒரு விஷயம். 'சேவிங் பிரைவேட் ரயன்' (1998) தொடக்கத்தில் ஓமஹா கடற்கரைச் சண்டை இருபது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. கை கால் பறக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்காக அப்போது தனித் தொலைபேசி உதவி ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது, அவ்வளவு தாக்கம். அதை நான் பார்த்துவிடுவேன். என்னால் முடியாதது கடைசிப் பகுதியில் வரும் மாடியறை. இரண்டு பேர் கட்டிப் புரளுகிறார்கள், மேலே இருப்பவன் கத்தியை மெல்ல, மெல்ல இறக்குகிறான், தூங்க வைக்கிறவனைப்போல 'ஷ்...' என்கிறான். மாடிப்படியில் ஒருவன், துப்பாக்கியும் தோட்டாவும் உடம்பு முழுக்க, மேலே ஏற முடியாமல் அழுதுகொண்டு நிற்கிறான். கடற்கரையில் வெட்டி வெட்டிப் போன அதே எடிட்டர் மைக்கேல் கான், இங்கே அவசரமே படவில்லை. சீக்கிரம் வெட்டுங்கள் ஐயா என்று மனசு கெஞ்சுகிறது. படியில் நிற்பவனைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியமில்லை என்று நினைக்கிறேன். நானும் அந்த நேரத்தில் இன்னோர் அறையில் ரிமோட்டோடு நிற்பவன்தானே.

இனி சொல்லப்போவது யாரும் பட்டியலில் சேர்க்காத வகை. சில பேருக்கு ரத்தம் பரவாயில்லை, சாவு பரவாயில்லை, ஒருவர் அசிங்கப்படுவதைத்தான் பார்க்க முடியாது. கதாநாயகன் மேடையேறுகிறான், அவன் வைத்திருக்கும் தாளை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. கூட்டம் சிரிக்கப் போகிறது. நகைச்சுவைப் படம், கொலை ஒன்றும் இல்லை. என் மனைவி அந்த இடத்தில் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். மண்டையோடு பிளக்கிற படத்தைக் கொட்டாவி விட்டபடி பார்க்கிறவள் அவள். ஆரம்பத்தில் கேலி செய்தேன். பிறகு, 2011இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் சிலர் இதையே எடுத்து ஆராய்ந்திருப்பதைப் படித்தேன். பிறர் அவமானப்படும் நிலைமைகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, பிறர் வலியைப் பார்க்கும்போது விழித்துக்கொள்ளும் பகுதிகளே விழித்துக்கொண்டன. சம்பந்தப்பட்ட ஆளுக்குத் தான் அசிங்கப்படுவது தெரியாவிட்டாலும் பார்க்கிறவருக்கு வலிக்கிறது. ஜெர்மன்காரர்களிடம் இதற்கு ஒரே சொல் உண்டு, பிரெம்ட்ஷாம். நம்மிடம் 'பார்க்கிற எனக்கே கூசுது' என்ற நல்ல வாக்கியம் இருக்கிறது, அது போதும். கேலியை நிறுத்திக்கொண்டேன்.

எல்லாம் சொல்லிவிட்டு என் மனச்சாட்சி உறுத்தும் இடத்தை மறைத்தால் மடல் நேர்மையாக இருக்காது. 'விசாரணை' (2015) படத்தின் முதல் பாதியில் வரும் காவல் நிலைய அடியை நான் பாதிதான் பார்த்தேன். மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவலிலிருந்து வந்த படம் அது. ஆட்டோ ஓட்டுநரான அவர், குண்டூரில் செய்யாத குற்றத்துக்காகப் பிடிக்கப்பட்டு அடிபட்டதைத்தான் எழுதினார். அவர் அதைத் தாண்டிப் போக எந்தப் பொத்தானும் இல்லை. எனக்கு இருக்கிறது. அவர் உடம்பால் பட்டதை என்னால் கண்ணால்கூடப் பார்க்க முடியவில்லை என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சொகுசு ஒளிந்திருக்கிறது. அந்தப் படத்தைத் தொகுத்த கிஷோர், 2015இலேயே, சின்ன வயதில் இறந்துபோனார். இந்தப் படத்துக்கான சிறந்த படத்தொகுப்பு தேசிய விருது அவர் இறந்த பிறகுதான் வந்தது. அடிகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் அமைதி விட வேண்டும் என்று அந்த மனிதர் எத்தனை முறை அதே அடியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார்? நீங்கள் யாருமே தாண்ட முடியாது, இல்லையா? எங்களுக்கு ஒருமுறை தாங்காததை நீங்கள் நூறு முறை பார்த்துத்தான் அந்த இடத்துக்குக் கொண்டுவருகிறீர்கள். இதை நினைத்துத்தான் கடிதத்தை உங்கள் பெயருக்கு எழுதினேன்.

அந்தப் படத்தை இரண்டாவது முறை முழுதாகப் பார்த்தேன். நடு நடுவே நிறுத்தி, மூச்சு வாங்கி, ஒன்றரை நாள் ஆனது. பார்த்து முடித்ததும் பெரிதாக எதுவும் சாதித்த உணர்வு இல்லை.

இன்னொரு வகைக் காட்சி இருக்கிறது. அதற்கு மட்டும் என்னிடம் அனுதாபம் இல்லை. 'அபோகலிப்ஸ் நவ்' (1979) முடிவில் எருமையை வெட்டுவது நிஜம், அங்கிருந்த பழங்குடி மக்கள் தங்கள் சடங்காகச் செய்ததைப் படம் பிடித்திருக்கிறார்கள். 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' (1972) படத்தில் வன்புணர்வுக் காட்சியில் வெண்ணெயைப் பயன்படுத்தப் போவதை நடிகை மரியா ஷ்னைடரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் மறைத்ததை இயக்குநர் பெர்டொலூச்சியே பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டார். உடலுறவு நடிப்புதான். அவள் முகத்தில் தெரிந்த அவமானம் நடிப்பில்லை. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சியைத் தாண்டுவது பயத்தால் இல்லை, உடன்பட மறுப்பதால். 'சைக்கோ'வில் எல்லாமே பொய் என்று தெரிந்தும் பயப்படுகிறேனே, அந்தப் பயம் எனக்கு வேண்டும். இது வேண்டாம். உங்கள் மேசைக்கு வரும் துண்டில் இருப்பது நடிப்பா, நிஜமாகவே யாருக்கோ நடந்ததா என்று முதலில் தெரிந்துகொள்வது நீங்கள்தான். அங்கே கத்தரியை எடுங்கள். தயவு பார்க்காதீர்கள்.

மற்றபடி எதையும் வெட்டச் சொல்லி நான் வரவில்லை. ஒருமுறை தொலைக்காட்சியில் எனக்குப் பிடித்த படமொன்றை ஒளிபரப்பினார்கள். நான் வழக்கமாகத் தாண்டும் காட்சியை அவர்களே நறுக்கிவிட்டிருந்தார்கள். நியாயமாக நன்றி சொல்லியிருக்க வேண்டும். அப்படி ஒரு கோபம் வந்தது. வீட்டில் காரணம் கேட்டபோது விளக்கவும் முடியவில்லை. நான் தாண்டும்போது அந்தக் காட்சி அங்கே இருக்கிறது, நான் அதைச் சுற்றிக்கொண்டு போகிறேன், அதன் கனம் எனக்குத் தெரியும். அவர்கள் நறுக்கியதும் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. அடுத்த காட்சியில் அப்பா ஏன் அப்படி உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார் என்று புதிதாகப் பார்க்கிறவருக்குப் புரியாது.

கேட்பது சின்ன உதவி. ஓடிடிக்காரர்கள் டைட்டிலைத் தாண்டுவதற்கென்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். டைட்டிலில் உங்கள் பெயர் வருகிறது. உங்கள் பெயரைத் தாண்டிப்போக எங்களுக்கு வழி செய்து கொடுத்தவர்களுக்கு இதைச் செய்வது கஷ்டமா? பழைய டிவிடிபோல அத்தியாயங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அதில் எந்தப் பிரேமில் உள்ளே நுழைகிறோம், எந்தப் பிரேமில் வெளியே வரலாம் என்று குறி வைக்கிற வேலையைக் கம்ப்யூட்டரிடம் விடாதீர்கள், நீங்கள் வையுங்கள். அந்தக் காட்சி எங்கே மூச்சு விடுகிறது என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. கதை கெடாமல் எதுவரை தாண்டலாம் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். வேண்டாம் என்கிறவர் அதைத் தொடாமல் போகட்டும், பார்க்கிறவருக்குப் படத்தில் ஒரு நூல் குறையப் போவதில்லை.

அப்புறம் அந்த முன்னோட்டத் துண்டுகள். படத்தின் பெயர் மேல் சும்மா நின்றாலே தானாக ஓட ஆரம்பிக்கிறதே, அதில் போய் அந்தக் காட்சியைத்தானா வைக்க வேண்டும்? நான் பல வருடம் கவனமாகச் சுற்றிப்போன ஒரு முகம், வேறொரு நகைச்சுவைப் படத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் திரை முழுக்க வந்து அழுதது. மூலையில் வரும் எச்சரிக்கையையும் கொஞ்சம் கவனியுங்கள். 'வன்முறை, புகைபிடித்தல், தகாத சொற்கள்' என்று மூன்றையும் ஒரே எழுத்தில் அடுக்கிவிட்டால் எங்களுக்கு என்ன தெரியும்? ஒரு குழந்தை சாகப்போகிறது என்பதும் ஒருவர் சிகரெட் பற்றவைக்கப் போகிறார் என்பதும் அங்கே ஒரே எடை.

இதை எழுதத் தூண்டியது போன வருடம் வீட்டில் நடந்த ஒன்று. மகளுக்குப் பத்தொன்பது ஆகிறது. கல்லூரியில் யாரோ சொல்லி, 'மகாநதி' பார்க்க வேண்டும் என்றாள். சேர்ந்து உட்கார்ந்தோம். நடுவில் ஒரு காட்சிக்கு மட்டும் நான் இருக்கமாட்டேன், முடிந்ததும் கூப்பிடு என்று முன்பே சொல்லி வைத்தேன். என்ன காட்சி என்று சொல்லவில்லை. 'தெரிஞ்சுடும்' என்றேன். சோனாகாச்சி வந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். கழுவுவதற்கு ஒரு டம்ளர்கூட இல்லை. சுத்தமாக இருந்த பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் வந்தது, கொஞ்சம் கரகரத்து. "அப்பா, முடிஞ்சிடுச்சு. வாங்க."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மகளைக் கண்டுபிடித்த இடத்தைத்தான் அவள் நான் சொன்ன காட்சி என்று நினைத்திருக்கிறாள். திரையில் இரவு. அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள், உதடு மட்டும் அசைய ஆரம்பித்தது. ரிமோட் மகளின் மடியில் இருந்தது.

இப்படிக்கு,
பார்வையாளர்களில் ஒருவன்